ரேடியாலஜி தகவலியல்: புதிதாகச் சேரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் படங்களைச் சேமித்து, சரியான டாக்டருக்கு அனுப்பி, கேட்கும்போது தேடித் தரும் கணினி அமைப்புகளைக் கவனித்துக்கொள்வதுதான் ரேடியாலஜி தகவலியல். சில ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்துவிட்டு இப்போது அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு புதிய வகுப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நான் மருத்துவம் படிக்கவில்லை. இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கோர்மக் இயற்பியலாளர். எம்.ஆர்.ஐ.க்காக 2003-ல் பரிசு பெற்றவர்களில் பால் லாட்டர்பர் வேதியியலாளர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இயற்பியலாளர். இந்தத் துறையையே உருவாக்கிய நான்கு பேரும் மருத்துவத் தொழிலுக்கு வெளியே இருந்து வந்தவர்கள்தான்.

ரேடியோகிராபி படித்துவிட்டு வருபவர்களுக்கு நெட்வொர்க் புதிதாக இருக்கும். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வருபவர்களுக்கு உடலமைப்பு புதிதாக இருக்கும். தெரியாத பாதியை முதல் மூன்று மாதத்துக்குள் பிடித்துவிடுங்கள். மண்ணீரல் எங்கே இருக்கிறது, முதுகெலும்பில் எத்தனை பகுதி என்கிற அளவுக்காவது தெரிந்திருந்தால்தான் ஸ்கேன் அறையில் பேசுவது காதில் ஏறும்.

என் வேலை சர்வரும் நெட்வொர்க்கும். படம் எப்படி எடுக்கிறார்கள் என்பது எனக்கு எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு ஸ்கேன் கோப்பில் படத்தோடு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தகவல்கள் வரும். ஸ்லைஸின் (உடலின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) தடிமன், எக்ஸ்ரே குழாயின் கிலோவோல்ட், நோயாளியின் பெயர், உடலின் எந்தப் பகுதி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று நீண்டுகொண்டே போகும். கணினித் திரையில் எல்லாம் ஒரே மாதிரி எழுத்தில், ஒரே மாதிரி நம்பகமாகத் தெரியும். ஆனால் சிலவற்றை எந்திரம் அளந்து எழுதியிருக்கும், சிலவற்றை எந்திரம் அனுமானித்து எழுதியிருக்கும், சிலவற்றை அவசரத்தில் ஒரு மனிதர் தட்டியிருப்பார். எந்த எண்ணை யார் எழுதினார்கள் என்று கேட்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

ஓர் உதாரணம். ‘உடல் பகுதி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதன் எண் (0018,0015). டெக்னீஷியன் தேர்ந்தெடுக்கும் புரோட்டோகால் (ஸ்கேன் எடுக்க முன்கூட்டியே வைத்திருக்கும் அமைப்பு) எதுவோ, அதிலிருந்து பல எந்திரங்கள் இதைத் தானாக நிரப்பிவிடும். மார்பு புரோட்டோகாலைத் திறந்து, அதே ஓட்டத்தில் வயிற்றையும் சேர்த்து எடுத்தால் கோப்பு முழுவதிலும் ‘மார்பு’ என்றே இருக்கும். இது தெரியாமல் ‘வயிறு என்று இருந்தால் இந்த டாக்டருக்கு அனுப்பு’ என்று ஒரு விதி எழுதினால் அந்த ஸ்கேன் அவரைப் போய்ச் சேராது. நிரலில் பிழையே இருக்காது. பிழை இருப்பது உங்கள் நம்பிக்கையில்.

எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. நான்கையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

எக்ஸ்ரே ஒரு நிழல். 1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் கண்டது அதைத்தான். உடலின் வழியாக வந்த கதிரில் எவ்வளவு மிச்சம் என்பதைத் தட்டில் அளக்கிறோம். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

சி.டி. அந்த நிழலை நூற்றுக்கணக்கான கோணங்களில் எடுத்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. முதல் நோயாளிக்கு 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் எடுத்தார்கள். அந்தப் படம் 80-க்கு 80 கட்டம்தான். இன்று வழக்கமான அளவு 512-க்கு 512.

அல்ட்ராசவுண்ட் எதிரொலி. ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்கிறது. உடலுக்குள் ஒலி எப்போதும் வினாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகிறது என்று எந்திரம் வைத்துக்கொள்ளும். கொழுப்பில் அதைவிட மெதுவாகப் போகும் என்பதால் அளவு சற்றே பிசகும். நான் மேலே சொன்ன ‘எந்திரம் அனுமானித்து எழுதிய எண்’ இதுதான்.

எம்.ஆர்.ஐ.யில் அயனியாக்கும் கதிர் இல்லை. உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப் புலத்தில் ரேடியோ அலைக்குப் பதில் சொல்லும். 1.5 டெஸ்லா எந்திரத்தில் அந்த அலை ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ். இங்கே புள்ளியின் எண்ணுக்குத் தனிப்பொருள் கிடையாது. ஒரே மூளையை வேறு அமைப்பில் எடுத்தால் எண்கள் வேறாக இருக்கும். சி.டி. பழகிவிட்டு எம்.ஆர்.ஐ.க்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சி.டி.யில் மட்டும் எண்ணுக்குப் பொருள் உண்டா? ‘விண்டோ’ என்கிறார்களே, அது என்ன?

உண்டு. தண்ணீர் 0, காற்று −1000 என்று அளவுகோலை நிறுத்திவிட்டார்கள். ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்பது அதுதான். கொழுப்பு −100 வாக்கில் வரும். கல்லீரல் 50, 60. உறைந்த புது ரத்தம் 60-லிருந்து 80 வரை. கெட்டியான எலும்பு பல நூறுகளில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்.

கோப்புக்குள் இந்த எண் நேரடியாக இருக்காது. சேமித்த எண்ணைச் ‘ஸ்லோப்’ என்ற எண்ணால் பெருக்கி, ‘இன்டர்செப்ட்’ என்ற எண்ணைக் கூட்ட வேண்டும். ஸ்லோப் 1, இன்டர்செப்ட் −1024 என்று இருந்து, சேமித்த எண் 1064 ஆக இருந்தால் விடை 40. பைதானில் படத்தைத் திறந்து இந்தப் படியை மறந்துவிட்டு, ‘என் படத்தில் தண்ணீர் 1024 என்று வருகிறது’ என்று கேட்காத வகுப்பு இதுவரை எனக்கு அமையவில்லை.

அப்புறம் விண்டோ. ஒரு சி.டி. புள்ளி 12 பிட் என்றால் 4096 வேறு வேறு மதிப்புகள். சாதாரணத் திரையில் சாம்பல் நிறச் சாயல்கள் 256 மட்டும். எல்லாவற்றையும் சமமாகப் பரப்பினால் ஒரு சாயலுக்கு 16 அலகு போய்விடும். மூளையின் வெண்பொருளுக்கும் சாம்பல் பொருளுக்கும் உள்ள வித்தியாசமோ பத்துக்கும் குறைவு, ஏறக்குறைய ஒரே சாயலில் கரைந்துவிடும். அதனால் நமக்கு வேண்டிய ஒரு துண்டை மட்டும் எடுத்து அதற்கு 256 சாயலையும் கொடுக்கிறோம். துண்டின் நடு எண்ணுக்கு லெவல், அகலத்துக்கு விட்த் என்று பெயர். மூளைக்கு லெவல் 40, விட்த் 80 என்றால் 0-க்குக் கீழே எல்லாம் கறுப்பு, 80-க்கு மேலே எல்லாம் வெள்ளை. நுரையீரலுக்கு லெவல் −600, விட்த் 1500 பொதுவாக வைப்பார்கள்.

இப்போது யோசியுங்கள். மண்டையோட்டை ஒட்டினாற்போல் மெல்லிய படலமாக 70 அலகில் ரத்தம் இருக்கிறது. மூளை விண்டோவில் அது கிட்டத்தட்ட வெள்ளை. பக்கத்தில் இருக்கும் எலும்பும் வெள்ளை. கண் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். விட்த்தை 200-க்கு விரித்தால் ரத்தம் சாம்பலாக இறங்கும், எலும்பு வெள்ளையாகவே நிற்கும், நடுவில் ஒரு கோடு பிரியும். ஒரே கோப்புதான், ஒரு எண்கூட மாறவில்லை.

அப்படியானால் படத்தை ஜேபெக்காக மாற்றி வாட்ஸாப்பில் அனுப்புவதில் என்ன தவறு? எல்லோரும் செய்கிறார்களே?

மேலே சொன்ன ரத்தப் படலம்தான் காரணம். ஜேபெக் ஆக்கும் கணத்தில் ஒரு விண்டோ மட்டும் நிலைக்கும், மீதி எண்கள் போய்விடும். அவற்றை யாராலும் மீட்க முடியாது. யாருடைய படம், எந்த அளவுகோல் என்பதும் சேர்ந்தே போய்விடும்.

நான் இரவுப் பணியில் இருந்த ஒரு மருத்துவமனையில், வீட்டில் இருந்த டாக்டருக்குத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். போட்டோவில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. மனசு கேட்காமல் மூலப் படத்தையே தொலைவிலிருந்து திறந்து, விண்டோவை விரித்துப் பார்த்தபோது ரத்தம் தெரிந்தது. நோயாளி பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு எங்கள் தொலைதூர இணைப்பு நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். டாக்டர்கள் வாட்ஸாப்பை நாடுவது சோம்பலால் இல்லை, நாம் கொடுத்த வழி மெதுவாக இருப்பதால். அந்த வழியை வேகமாக்குவது நம் கடமை.

டைகாம் என்பது ஒரு ஃபைல் வகையா?

ஃபைல் வகையும்தான், எந்திரங்கள் பேசிக்கொள்ளும் மொழியும்தான். 1980-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் எந்திரமும் தனக்கே உரிய வடிவத்தில் படத்தை வைத்துக்கொண்டது. அமெரிக்க ரேடியாலஜிக் கல்லூரியும் நேமா என்ற உற்பத்தியாளர் சங்கமும் 1983-ல் சேர்ந்து குழு அமைத்தன. 1985-ல் முதல் பதிப்பு, 1988-ல் இரண்டாவது. நெட்வொர்க்கில் ஒழுங்காகப் பேசும் மூன்றாவது வடிவம் 1993-ல் டைகாம் என்ற பெயரோடு வந்தது.

கோப்பைத் திறந்தால் முதலில் 128 பைட் ஒதுக்கிய இடம், அடுத்து டி, ஐ, சி, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அதற்கப்புறம் வரிசையாக டேக்குகள், அதாவது எண் போட்ட தகவல் கட்டங்கள். (0010,0010) பெயர், (0010,0020) நோயாளி எண், (0008,0060) எந்த வகை எந்திரம், (0008,0050) அக்ஸஷன் எண், அதாவது ஒவ்வொரு ஸ்கேன் ஆர்டருக்கும் தரும் எண். இவை நாலைந்தை மனப்பாடம் செய்தால் போதும், மற்றவை பழகப் பழக வரும்.

அடுக்கு முறையை மட்டும் ஆழமாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு நோயாளி, அவருக்குப் பல ஸ்டடி (ஒரு தடவை செய்த பரிசோதனை), ஒவ்வொரு ஸ்டடிக்குள் பல சீரிஸ் (ஒரே ஓட்டத்தில் எடுத்த படத் தொகுப்பு), ஒவ்வொரு சீரிஸுக்குள் பல படங்கள். ஸ்டடி, சீரிஸ், படம் மூன்றுக்கும் உலகத்தில் வேறெங்கும் திரும்ப வராத ஓர் அடையாள எண் உண்டு, 64 எழுத்துக்கு மிகாமல். வேறு மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனைக் கொண்டுவந்து நம் சர்வரில் ஏற்றினாலும் மோதாமல் இருப்பது இதனால்தான்.

ஒரு ஸ்கேன் பதிவு மேசையிலிருந்து ரிப்போர்ட் வரை எப்படிப் போகிறது?

பதிவு மேசையில் பெயரும் எண்ணும் மருத்துவமனைத் தகவல் அமைப்பில் ஏறும். டாக்டர் ஸ்கேன் எழுதியதும் அந்த ஆர்டர் எச்.எல்.7 (மருத்துவமனைக் கணினிகள் தகவல் பரிமாறும் பொது மொழி) செய்தியாக ரேடியாலஜித் தகவல் அமைப்புக்கு, அதாவது ஆர்.ஐ.எஸ்.ஸுக்குப் போகும். அங்கே அக்ஸஷன் எண் கிடைக்கும். ஸ்கேன் எந்திரம் ‘இன்று யார் யார்?’ என்று கேட்டு அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளும், இதற்கு ஒர்க்லிஸ்ட் என்று பெயர். டெக்னீஷியன் பெயரைத் தட்டவே வேண்டாம், தேர்ந்தெடுத்தால் போதும். படம் எடுத்ததும் சேமிப்புச் சர்வரான பேக்ஸுக்குப் போகும். ரேடியாலஜிஸ்ட் பார்த்துச் சொன்ன ரிப்போர்ட் மறுபடி எச்.எல்.7 வழியாக வார்டுக்குத் திரும்பும்.

இந்த வரிசையில் ஒரு படி அடிக்கடி விடுபடும். எந்திரம் படத்தை அனுப்பிய பிறகு ‘நீ பத்திரமாகச் சேமித்துவிட்டாயா?’ என்று பேக்ஸைக் கேட்டு உறுதி வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் வட்டிலிருந்து அழிக்க வேண்டும். ஸ்டோரேஜ் கமிட்மென்ட் என்ற இந்த வசதியை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று எங்கே வேலைக்குப் போனாலும் பாருங்கள்.

பெயர் தவறாகப் பதிவாவது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

என் அனுபவத்தில் இதுதான் மிகப் பெரியது. நம் ஊரில் இன்னும் பெரியது.

டைகாமில் பெயர் ‘குடும்பப் பெயர், சொந்தப் பெயர், நடுப்பெயர்’ என்ற வரிசையில், நடுவே தொப்பிக் குறியோடு எழுதப்படும். குடும்பப் பெயரே இல்லாத நமக்கு அது பொருந்தாத சட்டை. கண்ணன் மகள் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசையில் ‘கே செல்வி’. இன்னொன்றில் ‘செல்வி கே’. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்தால் ‘செல்வி கண்ணன்’. கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியலே மாறிவிட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமி என்ற ஒரு பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! மலேசியத் தமிழர் பெயர்களின் நடுவே ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ (இன்னாரின் மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) வரும், அதை ஒரு மென்பொருள் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் வெட்டும்.

பிறந்த தேதியை வைத்துப் பிரித்துவிடலாம் என்பீர்கள். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஜனவரி 1 என்று போடும் பழக்கம் இருக்கிறதே. ஒரே பெயர், ஒரே ஜனவரி 1, இரண்டு பாட்டிகள்.

விளைவு என்ன? போன வருஷ ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று தெரியும். பெயர் பிசகினால் பழைய ஸ்கேன் வராது, டாக்டர் ‘முன்படம் இல்லை’ என்று எழுதுவார். அதைவிட மோசம், வேறொரு செல்வியின் பழைய ஸ்கேன் வந்து நிற்பது.

அதனால்தான் எண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். நோயாளி எண் ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். மயக்கமாக வந்தவரைத் தற்காலிக எண்ணில் பதிந்திருந்தால், அடையாளம் தெரிந்ததும் இரண்டையும் இணைக்கும் ஏ40 செய்தி பேக்ஸ் வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க ஆசை என்றால் (0008,0005) டேக்கில் எழுத்துத் தொகுதி ஐ.எஸ்.ஓ. ஐஆர் 192, அதாவது யூ.டி.எஃப்-8 என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்விக்குறிகளாக வரும். பழைய எந்திரங்கள் ஏற்குமா என்று சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

படத்தில் இடது வலது மாறித் தெரிகிறதே?

டாக்டர் நோயாளியின் எதிரில் நிற்பதாக வைத்துப் படம் காட்டப்படும். அதனால் நோயாளியின் இடது கை உங்கள் வலப்பக்கம். டைகாமின் கணக்கில் இடத்தைக் குறிக்கும் எண்கள் நோயாளியின் இடப்பக்கமாகக் கூடிக்கொண்டு போகும். ஆராய்ச்சியில் புழங்கும் நிஃப்டி வடிவத்தில் வலப்பக்கமாகக் கூடும். மாற்றும் நிரல் இதை விட்டுவிட்டால் இடது மூளைக் கட்டி வலது மூளைக்குப் போய்விடும், படமோ அழகாகவே இருக்கும். மூளை இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சோதிக்க வயிற்று ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள், கல்லீரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கதிர் அளவு பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆமாம். சி.டி. எந்திரம் காட்டும் டோஸ் எண், 16 அல்லது 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளையில் அளந்ததை அடிப்படையாகக் கொண்டது. மேசையில் படுத்திருக்கும் குழந்தை வாங்கிய அளவு என்று அதைப் படிக்கக்கூடாது. பழைய எந்திரங்கள் அந்த எண்ணைப் படமாக மட்டும் அனுப்பும், தேட முடியாது. புதியவை தனி ரிப்போர்ட்டாக அனுப்பும். அதைக் கேட்டு வாங்கிச் சேமியுங்கள்.

வீட்டில் எப்படிப் பழகுவது? எந்திரம் இல்லையே?

ஒரு சாதாரண மடிக்கணினி போதும். ஆர்தாங்க் என்ற இலவச டைகாம் சர்வரை நிறுவுங்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் செபாஸ்டியன் ஜோடோன் தொடங்கியது. டைகாமுக்கு 4242-ம் வாசலிலும் (போர்ட்), உலாவிக்கு 8042-ம் வாசலிலும் அந்தச் சர்வர் காத்திருக்கும். பார்க்க வீசிஸ் அல்லது 3டி ஸ்லைசர். நிரலுக்குப் பைடைகாம். கட்டளை வரியில் பழக டி.சி.எம்.டி.கே. கருவிகள். படங்களுக்குத் தி கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ் என்ற பொதுத் தொகுப்பு இருக்கிறது, அடையாளம் நீக்கியவை.

முதலில் எக்கோ என்ற சோதனைச் செய்தியை அனுப்பி சர்வர் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு படத்தை ஏற்றுங்கள், தேடுங்கள், கடைசியாக மூவ் கட்டளையால் வேறிடத்துக்கு வரவழையுங்கள். மூவ் முதல் தடவை தோற்கும். படத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்பதைப் பெயராக மட்டும்தான் நீங்கள் சொல்கிறீர்கள், அந்தப் பெயருக்கு உரிய முகவரி சர்வரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். பெயர் 16 எழுத்துக்குள், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட அச்சாக ஒத்துப்போக வேண்டும். இந்தத் தோல்வியை வீட்டிலேயே பார்த்துவிட்டால் வேலையில் பாதி நாள் மிச்சம்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது பெயர் டேக்கை அழித்தால் போதுமா?

போதாது. அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்தின் புள்ளிகளிலேயே எரிந்திருக்கும். டேக்கை அழித்தாலும் மூலையில் பெயர் சிரித்துக்கொண்டிருக்கும். நிறுவனங்கள் தங்களுக்கென வைத்திருக்கும் தனிப்பட்ட டேக்குகளில் பெயரின் இன்னொரு நகல் இருக்கலாம். தலை எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தையே முப்பரிமாணத்தில் வரைந்துவிட முடியும். டைகாம் தரத்தின் 15-ம் பகுதி எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று பட்டியலே தருகிறது, அதைப் பின்பற்றுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை அறிவிப்பது குற்றம். கர்ப்ப ஸ்கேன்களை வகுப்பில் காட்டுவதற்கு முன் பொறுப்பானவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

சேமிப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

512 × 512 × 2 பைட் = 5,24,288. ஒரு சி.டி. ஸ்லைஸ் அரை எம்.பி. 300 ஸ்லைஸ் என்றால் 150 எம்.பி. ஒரு நாளைக்கு 40 பேர் என்றால் 6 ஜி.பி. இழப்பில்லாச் சுருக்கம் இதைப் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைக்கும். நகலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இதையெல்லாம் படிக்க வேண்டுமா?

முன்னைவிட அதிகமாகப் படிக்க வேண்டும். நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியை 2018-ல் ஆராய்ந்தபோது, எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதைப் படத்திலிருந்தே செயற்கை நுண்ணறிவால் சொல்ல முடிந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா அதிகம் என்றால் மருத்துவமனையை அடையாளம் கண்டாலே பாதி மதிப்பெண். வேறிடத்துப் படங்களைக் கொடுத்தபோது திறமை இறங்கியது. பயிற்சிப் படங்கள் எங்கிருந்து, எந்த எந்திரத்திலிருந்து, யார் ஒட்டிய லேபிளோடு வந்தன என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் இத்தனை நேரம் பழகிக்கொண்டிருக்கிறோம்.

முதல் வேலையில் முதல் நாள் எதைப் பார்க்கட்டும்?

கடிகாரங்களைப் பாருங்கள். சி.டி., எம்.ஆர்., அல்ட்ராசவுண்ட், பேக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று கையில் ஒரு காகிதத்தோடு அறை அறையாகப் போய் எழுதுங்கள். பத்து நிமிடம் பிந்திய ஓர் எந்திரமாவது அகப்படும். பக்கவாத நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பதை அந்த நேரம்தான் சொல்கிறது. அப்படியே ஒவ்வொரு அறையிலும் டெக்னீஷியன் அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் ஒர்க்லிஸ்ட் வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ‘பெயரைக் கையால் தட்டுவோம்’ என்று யாராவது சொன்னால், இரண்டாம் நாள் வேலை அந்த அறையில்தான்.